இரண்டு ராமசாமிகள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. கண்புரை எடுத்ததில் கொஞ்ச நாள் எதையும் படிக்கக் கூடாது என்று வீட்டில் கட்டுப்பாடு, அதனால்தான் தாமதம். பேரனுக்கு மொட்டை போட்ட படம் பார்த்தேன். அப்படியே உன் அப்பா!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிளாக்செயின் வந்தால் போலிப் பத்திரமே இருக்காதாமே, உண்மையா என்று கேட்டிருந்தாய். பலருடைய கணினிகளில் ஒரே நகலாக இருக்கும், ஏற்றியதைப் பிறகு திருத்த முடியாத பதிவேடுதான் பிளாக்செயின். முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவன் நீ. நான் எங்கள் நூலகப் பட்டியலில் பட்டதைச் சொல்கிறேன், நீயே பொருத்திப் பார்த்துக்கொள்.

எங்கள் பட்டியலில் ஒவ்வொரு தகவலும் ஒரு குட்டி வாக்கியம். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்; தமிழய்யா கரும்பலகையில் எழுதிப் போட்டாரே, அதேதான். 'இந்த நூலை எழுதியவர் இன்னார்.' நூலுக்கு ஓர் இணைய முகவரி, இன்னாருக்கு ஒன்று. அந்த இன்னார் எங்கள் கணினியில் இருக்க வேண்டும் என்றில்லை, வேறு யாருடைய பெயர்ப் பட்டியலிலும் இருக்கலாம். இதற்குப் பெயர் இணைப்புத் தரவு. நீ பத்திரத்தில் முன் ஆவண எண்ணைக் குறிப்பிடுவாயே, அந்த மாதிரி.

இதில் யாராவது ஓர் ஆண்டைத் திருத்திவிட்டால்? அதற்குத்தான் ஹாஷ். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் ஷா-256 என்ற கணக்கு அதை 64 எழுத்துகளாக்கித் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் வேறொரு 64 வந்து நிற்கும். எல்லாப் பதிவுகளின் ஹாஷ்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, சேர்ந்ததை மறுபடி சேர்த்து, கடைசியில் ஒன்றாக்கிவிடலாம். கணினி விஞ்ஞானி ரால்ஃப் மெர்க்கிள் 1979-லேயே சொன்ன வழி. அந்த ஒன்றை மட்டும் ராத்திரி, பிட்காயின் என்ற இணையக் காசின் பிளாக்செயினில் ஏற்றுகிறோம். பதிவு எங்களிடம், அதன் கைநாட்டு அங்கே. பதிவுப் புத்தகத்தில் பக்க எண் அச்சிட்டே இருக்க வேண்டும் என்று 1908 பதிவுச் சட்டம் சொல்கிறதே, அதே ஜாக்கிரதைதான். பிட்காயினுக்கு வெகு முன்பே, 1991-ல், ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை யோசித்துவிட்டார்கள். 1995-லிருந்து வாரத்துக்கு ஒரு ஹாஷ் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் பொடி விளம்பரமாக வந்தது. அச்சாகி வீடு வீடாகப் போன பேப்பரை யார் திருத்துவது?

முதல் மாதம் எங்களைப் படுத்தியது வரிசை. வாக்கியங்களை முன்பின்னாக அடுக்கினாலும் பொருள் அதேதான், ஆனால் ஹாஷ் மாறிவிடும். தினமும் வெற்று அபாயமணி. ஹாஷ் எடுக்கும் முன் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவரும் முறையை இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2024 மே மாதம் தரமாக வெளியிட்டது. அதற்கு மாறிய பிறகுதான் நிம்மதி.

அப்புறம்தான் ராமசாமி விவகாரம். ஒரே தலைப்பெழுத்தோடு இரண்டு ராமசாமிகள். ஒருவர் சித்த வைத்தியம் எழுதியவர், மற்றவர் நாடகக்காரர். நாங்கள் இணைப்புக் கொடுத்திருந்த வெளிப் பட்டியலில் யாரோ இருவரையும் ஒருவராக்கிவிட்டார்கள். மறுநாள் எங்கள் பட்டியலில் மூலத்துக்கு மருந்து சொன்னவர் நாடகம் எழுத ஆரம்பித்துவிட்டார். ஹாஷைச் சரிபார்த்தோம், ஒரு குறையும் இல்லை. எங்கள் வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அது கை காட்டிய ஆள்தான் மாறிப்போனார். ஒரு வாசகர் போன் போட்டுச் சிரித்த பிறகே எங்களுக்குத் தெரியும். இப்போது இணைப்புக் கொடுக்கும்போதே அந்தப் பக்கத்தை நகலெடுத்து, அதன் ஹாஷையும் எங்கள் பதிவோடு சேர்த்துவிடுகிறோம். நீங்களும் முன் ஆவண எண்ணோடு அதன் ஹாஷையும் எழுதினால், தாய்ப்பத்திரத்தில் யாரும் கை வைத்தால் மாட்டிக்கொள்வான்.

ஆனால் ஆள்மாறாட்டம் செய்து கையெழுத்துப் போட்டு, பதிவே முடிந்துவிட்டால் பிளாக்செயின் என்ன செய்யும்? அந்தப் பொய்யையும் பத்திரமாகக் காப்பாற்றும். எதிரே நிற்பவன் அந்த ஆள்தானா என்று சார்பதிவாளர் சாட்சிகளைக் கேட்பாரே, அந்த வேலை அப்படியே இருக்கிறது.

எனக்கும் ஒரு சந்தேகம். வில்லங்கம் போட்டுப் பார்க்கும்போது ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் எப்படிப் பிரிக்கிறீர்கள்? அப்பா பெயரை வைத்தா, ஊரை வைத்தா? விவரமாக எழுது. எங்களிடம் இன்னும் நாலு ராமசாமிகள் பாக்கி.

அன்புடன்,
கண்ணன்