ராய் கிளார்க் மாலை நிகழ்ச்சிக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள டல்சா நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க கன்ட்ரி (கிராமிய) இசைக் கலைஞர் ராய் கிளார்க்கைப் பற்றிப் போன சனிக்கிழமை நாம் நடத்திய மாலை நிகழ்ச்சி நல்லபடியாக முடிந்தது. கூட்டம் கலையும்போது வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். நாற்காலிகளை மடிக்கவும், மிச்சமிருந்த புளியோதரையை டப்பாவில் போட்டுக் கொடுக்கவுமே நேரம் சரியாகப் போய்விட்டது. அதனால் எழுத்தில் சொல்கிறேன்.

முதல் நன்றி, "தமிழ்க் கூட்டத்தில் எதுக்கு ஒரு அமெரிக்க கன்ட்ரி பாட்டுக்காரர்?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்ட அண்ணனுக்கு. கிண்டல் இல்லை, நிஜமாகத்தான். அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால் நாலு பாட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்போம். உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான் தேடவே ஆரம்பித்தேன். நம் ஊரில் ராய் கிளார்க் பெயரில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. என் மகள் அங்கேதான் படித்தாள். யாரம்மா அவர் என்று கேட்டால், "பழைய பிரின்சிபாலா இருக்கும்" என்கிறாள். நிஜத்தில் ராய் கிளார்க், வர்ஜீனியா மாநிலத்து மெஹெரினில் 1933இல் பிறந்தவர், 1970களில் டல்சாவுக்குக் குடிவந்தவர், 2018 நவம்பர் 15 அன்று 85 வயதில் இதே ஊரில் காலமானவர். நம்மைப் போலவே எங்கிருந்தோ வந்து இங்கேயே தங்கிவிட்டவர்தானே அண்ணா? அவரை நாம் தெரிந்துகொள்ளாமல் வேறு யார் தெரிந்துகொள்வது?

அடுத்தது எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது. இதை என் மகள் படித்துச் சொல்வாள். ராய் கிளார்க் வந்த 'ஹீ ஹா' நிகழ்ச்சியை டிவியிலிருந்து வீடியோ கேசட்டில் பதிந்து, ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் யார் யார் வருகிறார்கள் என்று பென்சிலால் எழுதி, ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். அத்தனையையும் தூக்கிக் கொடுத்தார். ஒரே நிபந்தனை, திருப்பித் தரும்போது ரீவைண்ட் செய்து தர வேண்டும். கேசட் ஓட்டும் பெட்டியும் அவருடையதுதான்.

மாலைக்கு வர முடியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 'ஹீ ஹா' 1969 ஜூன் 15 அன்று சிபிஎஸ் சானலில், கோடைக்காலத்துக்கு மட்டும் என்று ஆரம்பித்த நிகழ்ச்சி. உருவாக்கியவர்கள் ஃப்ராங்க் பெப்பியாட், ஜான் ஐல்ஸ்வர்த் என்ற இரண்டு கனடாக்காரர்கள். நாஷ்வில் ஸ்டூடியோவுக்குள் ஒரு சோளக்காடு செட். பயிருக்கு நடுவிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகத் தலையை நீட்டி, ஒரு கடி ஜோக்கைச் சொல்லிவிட்டு மறுபடி பதுங்கிவிடுவார்கள். நடுவே நல்ல பாட்டு, அப்புறம் மறுபடி கடி. ஸ்டூடியோவில் பார்வையாளர் என்று ஒருவரும் கிடையாது. நாம் கேட்கிற சிரிப்பெல்லாம் பின்னால் சேர்த்தது. நடத்தியவர்கள் இரண்டு பேர், பக் ஓவன்ஸும் ராய் கிளார்க்கும்.

1971இல் சிபிஎஸ் அதை நிறுத்தியது. பார்க்க ஆள் இல்லாமல் அல்ல. விளம்பரக்காரர்களுக்கு நகரத்து இளவட்டம்தான் வேண்டும் என்று, கிராமத்து வாடை அடித்த நிகழ்ச்சிகளை அந்த வருடம் மொத்தமாக வெட்டினார்கள். 'ஹீ ஹா' குழு கலையவில்லை. நேராக ஊர் ஊராக உள்ளூர் டிவி நிலையங்களுக்கு நிகழ்ச்சியைக் கொடுத்து, 1992 வரை புதிதாகத் தயாரித்துக்கொண்டே இருந்தார்கள். அதே சமயத்தில் லாரன்ஸ் வெல்க்கின் இசை நிகழ்ச்சியையும் வேறொரு சானல் நிறுத்த, அவரும் இதே வழியில் பிழைத்துக்கொண்டார். இரண்டு கதையையும் சேர்த்துக் கேலியாக, போல்கா என்ற நடன மெட்டில் ஒரு பாட்டு, 1972இல் ராய் கிளார்க் பாடி ஹிட் ஆனது. பெரியவர் அதை மனப்பாடமாகப் பாடிக் காட்டினார். சானல் முதலாளிகள் மேல் அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை!

அவர் சொன்ன இன்னொன்றையும் எழுத வேண்டும். சோளக்காட்டில் காக்கா விரட்டும் பொம்மையாக நின்று ஜோக் சொன்னவர் ஸ்ட்ரிங்பீன் என்ற பாஞ்சோ (ஐந்து தந்தி வாத்தியம்) கலைஞர். 1973 நவம்பரில் அவரும் மனைவியும் தங்கள் வீட்டில் திருடர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போடவில்லை. வெறும் பொம்மையை மட்டும் காட்டில் நட்டுவைத்தார்கள். கேசட்டை நிறுத்தி, விரலால் அந்த மூலையைத் தொட்டுக் காட்டினார் பெரியவர். அவர் காட்டியிருக்காவிட்டால் எனக்கு அது கண்ணில்கூடப் பட்டிருக்காது.

நூலகத்து அம்மாவுக்கு நன்றி. பழைய செய்தித்தாள்களைத் தேடி எடுத்து, தேதிகளையெல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்துக் கொடுத்தது அவர்தான். ராய் கிளார்க் ஒரே இரவில் டிவிக்கு வந்தவர் இல்லை என்பது அதிலிருந்துதான் எனக்குப் புரிந்தது. பதின்ம வயதிலேயே இரண்டு முறை தேசிய பாஞ்சோ போட்டியில் ஜெயித்தவர். 1950களில் வாஷிங்டனில் பாடகர் ஜிம்மி டீன் நடத்திய டிவி நிகழ்ச்சியில் வாசித்தார். எப்போது பார்த்தாலும் தாமதமாக வருகிறார் என்று ஜிம்மி டீனே அவரை வேலையிலிருந்து நீக்கினார். அப்புறம் லாஸ் வேகாஸில் வாண்டா ஜாக்சனின் குழு. சில வருடம் கழித்து, நாடு முழுக்கப் பார்க்கிற 'டுநைட் ஷோ'வை ஒருமுறை நடத்தும் வாய்ப்பு ஜிம்மி டீனுக்கு வந்தபோது, அவர் மேடையேற்றியது தான் நீக்கிய அதே ஆளை. இந்த இடத்தில் நம் கூட்டத்தில் கைதட்டினார்களே, அது ஜிம்மி டீனுக்கு என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

கிடார் சொல்லிக்கொடுக்கும் தம்பிக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். துண்டுக் காட்சிகளின் வேகத்தைக் குறைத்து, விரல் எங்கே போகிறது என்று பெரிய திரையில் காட்டியது அவர் யோசனை. 1975இல் ஒரு நகைச்சுவைத் தொடரில் ராய் கிளார்க் 'மலகேன்யா' வாசிக்கிற காட்சியைப் போட்டார் பாருங்கள், அதுவரை பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்த நம் ஆட்கள்கூடத் திரும்பினார்கள். கியூபாக்காரர் எர்னெஸ்டோ லெக்குவோனா பியானோவுக்கு எழுதியது அது. மெதுவாக, ஒவ்வொரு சுரமாக ஆரம்பித்து, போகப் போக வலது கை கண்ணுக்கே தெரியாத வேகத்துக்குப் போகிறது. அடுத்து 'ஹீ ஹா'வில் அவர் வாசிக்கும் ஒரு துண்டு. அதே கைதான், ஆனால் முகம் வேறு. கண்ணை உருட்டுகிறார், உதட்டைச் சுழிக்கிறார், தப்பாக வாசித்துவிட்டவர்போலத் திடுக்கிடுகிறார். முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. தம்பி ஒரு அட்டையால் திரையில் முகத்தை மறைத்துக் கையை மட்டும் காட்டியதும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மொத்த மாலையில் எனக்குப் பிடித்த வித்தை அந்த அட்டைதான்.

கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் அவருக்குக் கொடுத்த விருதுகளைத் தம்பி வரிசையாக எழுதிப் போட்டதும் அருமை. 1970இல் சிறந்த நகைச்சுவையாளர். 1973இல் அந்த ஆண்டின் சிறந்த மேடைக் கலைஞர், அதாவது அங்கே இருப்பதிலேயே பெரிய விருது. சிறந்த வாத்தியக் கலைஞர் என்பது 1977இல்தான், அப்புறம் 1978லும் 1980லும். டிவி அவருடைய கையைச் சிரிப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டது என்று தம்பி சொன்னதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அத்தனை வீட்டு வரவேற்பறைக்குள் பாஞ்சோவும் கிடாரும் சனிக்கிழமை தவறாமல் நுழைந்திருக்குமா?

வீணை அக்கா, உங்களைக் கூப்பிட்டபோது "எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றீர்கள். வந்து பெரியவரின் பாஞ்சோவை மடியில் வைத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்தாவது தந்தி மட்டும் தலைப்பக்கத்திலிருந்து வராமல், கழுத்தின் பாதியில் பக்கவாட்டுக் குமிழிலிருந்து கிளம்புகிறதே என்று கவனித்து, அதைக் கட்டைவிரலால் தட்டிப் பார்த்து, "அட, நம்ம பக்கசாரணி மாதிரி" என்றீர்கள். வீணையில் சுண்டுவிரலால் மீட்டுகிற அந்தத் தாளத் தந்திகளைப் போல, இதுவும் பாட்டின் மெட்டுக்குள் போகாமல் ஒரே சுரத்தில் கூடவே ஒலித்துக்கொண்டிருக்கும் என்று நீங்கள் சொன்னதை மகள் மொழிபெயர்க்க, பெரியவர் உங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வீணை எங்கே கிடைக்கும் என்று அன்றிலிருந்து என்னை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

பக் ஓவன்ஸின் ஊரான கலிஃபோர்னியா பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து வேலை மாற்றலாகி வந்திருக்கும் தம்பிக்குத் தனி நன்றி. ராய் கிளார்க்கைப் பற்றிய கூட்டத்தில் பக் ஓவன்ஸுக்காக வாதாட ஒரு ஆள் தேவைப்பட்டது. 1960களில் ஒன்றன்பின் ஒன்றாக முதலிடம் பிடித்த பாட்டுகளைக் கொடுத்தவர். பீட்டில்ஸே அவருடைய ஹிட் ஒன்றை எடுத்துப் பாடினார்கள். அப்படிப்பட்டவர் வாரா வாரம் சோளக்காட்டில் கோமாளித்தனம் செய்ததில் மக்கள் அவரைப் பாடகராக நினைப்பதையே விட்டுவிட்டார்கள் என்பது தம்பியின் கட்சி. ஓவன்ஸ் பின்னாளில் தானே அப்படி வருத்தப்பட்டிருக்கிறார் என்பதும் உண்மைதான். ஆனால் பழியை முழுக்க டிவி தலையில் போட முடியாது. அவருடைய கிடாரும் இரண்டாம் குரலுமாக இருந்த டான் ரிச் 1974இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். அந்த அடியிலிருந்து ஓவன்ஸ் எழவே பல வருடம் ஆனது. 1986இல் நிகழ்ச்சியை விட்டு விலகினார். இரண்டே வருடத்தில், டுவைட் யோகம் என்ற இளைஞரோடு சேர்ந்து மறுபடி முதலிடத்துக்கு வந்தார்.

ராய் கிளார்க்குக்கு மட்டும் அந்த நிகழ்ச்சி ஏன் ஒத்துப்போனது? இதைப் பற்றி நாம் வாகன நிறுத்தத்தில் நின்றுகூடப் பேசினோம். என் கணக்கு இது. ஓவன்ஸ் ஒரு பாணியின் தலைவர், அந்தப் பாணிக்கு ஒரு கௌரவம் வேண்டியிருந்தது. கிளார்க் முன்பிருந்தே வாசித்துக்கொண்டே சிரிக்க வைத்த ஆள். 'பெவர்லி ஹில்பில்லீஸ்' என்ற டிவி நகைச்சுவைத் தொடரில் ஒரு மகனாகவும் அவனுடைய அம்மாவாகவும் புடவை கட்டாத குறையாக இரண்டு வேடமும் போட்டவருக்கு, சோளக்காடு என்ன பெரிய இறக்கம்? இன்னொன்று, வேலை நடந்த விதம். ஜூனில் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை என்று மொத்த சீசனையும் துண்டு துண்டாகப் பதிந்து வெட்டி ஒட்டிவிடுவார்கள். மீதி மாதங்கள் கச்சேரிக்கு. அப்படித்தான் 1976இல் ஓக் ரிட்ஜ் பாய்ஸ் குழுவோடு சோவியத் ஒன்றியத்துக்குப் போய் வாசிக்க முடிந்தது, 1979இல் கேட்மவுத் பிரவுன் என்ற டெக்ஸாஸ் ப்ளூஸ் கலைஞரோடு சேர்ந்து ஆல்பம் போட முடிந்தது. 2009இல் கன்ட்ரி இசையின் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலிலும் சேர்த்துக்கொண்டார்கள். சரி, பேக்கர்ஸ்ஃபீல்டு தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை பக் ஓவன்ஸ் மாலை நீங்களே நடத்துங்கள், நாற்காலி நான் போடுகிறேன்.

'யெஸ்டர்டே, வென் ஐ வாஸ் யங்' பாடிய மாமாவுக்கு நன்றி. 'ஹீ ஹா' ஆரம்பித்த அதே 1969இல் வெளிவந்த பாட்டு. மூலம் பிரெஞ்சு, பாடகர் சார்ல் அஸ்னவூருடையது. ஆடித் தீர்த்த இளமையை நினைத்து வருந்துகிற அந்தப் பாட்டைத் தன் இறுதிச் சடங்கில் பாட வேண்டும் என்று நம் ஓக்லஹோமாவின் பேஸ்பால் வீரர் மிக்கி மாண்டில் கேட்டு வைத்திருந்தார். 1995இல் டல்லாஸில் ராய் கிளார்க் போய்ப் பாடினார். இந்தக் கதையை மாமா சொன்ன விதத்தில், டிவி கோமாளி என்று அதுவரை நினைத்திருந்த பிள்ளைகள் அப்புறம் அவரை அப்படிச் சொல்லவில்லை. மாமா, உங்கள் தொண்டைக்கு இப்போது தேவலையா?

சமையலறையைக் கவனித்த அக்காக்கள், மைக் சரிசெய்த அத்தான், வாசலில் வண்டி ஒழுங்குபடுத்திய பிள்ளைகள், பெரியவரின் மனைவி செய்து அனுப்பிய சோள ரொட்டி (ஐந்து நிமிடத்தில் காலி), எல்லாவற்றுக்கும் நன்றி.

கடைசியாக வேலை விஷயம். ஒரு சின்ன அண்டா, மூடி இல்லாத ஒரு ஹாட்பேக், நீலக் கரை போட்ட ஒரு சால்வை எங்கள் வீட்டில் இருக்கின்றன. உரியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கேசட் கடன் வாங்கிப் போனவர்களும் அன்றைக்கே கொண்டுவந்து விடுங்கள், ரீவைண்ட் செய்து.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் சகோதரி,
டல்சா, ஓக்லஹோமா