74-ஆவது கேள்வி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். 2025 அக்டோபர் 20-க்கு முன் விண்ணப்பித்த உன்னைப் போன்றவர்களுக்கான பழைய அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வின் நூறு கேள்விகளையும் மாப்பிள்ளை அனுப்பியிருந்தார். நீ அனுப்பவில்லை. போகட்டும், உனக்கு வேலை இருந்திருக்கும். அதிலிருந்து பத்துக் கேட்பார்களாம், ஆறு சரியாக இருந்தால் தேர்ச்சியாம். நீ பத்தையும் சொல்லிவிடுவாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

74-ஆவது கேள்விக்கு மட்டும் நான் சொல்வதைக் கேள். உள்நாட்டுப் போருக்குக் காரணமான ஒரு பிரச்சினையைச் சொல்லச் சொல்கிறார்கள். அடிமைமுறை, பொருளாதாரக் காரணங்கள், மாநில உரிமைகள், மூன்றில் எதைச் சொன்னாலும் மதிப்பெண் உண்டாம். நீ அடிமைமுறை என்றே சொல். மற்ற இரண்டையும் கொஞ்சம் தோண்டினால் அடியில் அதுதான் கிடக்கிறது.

பொருளாதாரத்தை எடுத்துக்கொள். 1793-இல் எலி விட்னியின் ஜின்னிங் எந்திரம் வந்ததும், கொட்டையை விட்டுப் பிரியாத குட்டை இழைப் பருத்திகூட லாபப் பயிராகிவிட்டது. கொட்டை நீக்கத்தான் எந்திரம். செடியிலிருந்து பஞ்செடுக்கக் கைகள்தான் வேண்டும். 1790-இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860-இல் ஏறக்குறைய 40 லட்சம். அந்நாட்டு ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி. அடிமைகளைக் கழித்துவிட்டால் அந்தக் கணக்கில் என்ன மிஞ்சும்?

மாநில உரிமை என்பது இன்னும் வேடிக்கை. 1820-இல் மிசூரியை அடிமை மாநிலமாகவும் மெய்னைச் சுதந்திர மாநிலமாகவும் சேர்த்து, மேலவையான செனட்டில் அடிமைமுறை கொண்ட தெற்கையும் அது இல்லாத வடக்கையும் சமமாக வைத்தார்கள். மற்றபடி 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்று ஒப்பந்தம். மெக்சிகோவிடம் வென்ற நிலத்தில் கலிபோர்னியா சுதந்திர மாநிலமாக வந்ததும் அந்தச் சமன் குலைந்தது. அதற்கு ஈடாகத் தெற்கு 1850-இல் வாங்கிக்கொண்டதுதான் தப்பியோடிய அடிமைகள் சட்டம். அதை வரிவரியாகப் படி. பிடிபட்டவர் தனக்காகச் சாட்சி சொல்ல முடியாது, ஜூரி கிடையாது. விசாரிக்கும் ஆணையருக்கு, எசமானிடம் ஒப்படைத்தால் 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். ஒளித்து வைத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிடிக்க உதவும்படி அரசு அதிகாரி கூப்பிட்டால் வடக்கிலிருக்கும் சாதாரணக் குடிமகனும் போயாக வேண்டும்.

இதை எதிர்த்துத் தங்கள் மாநில உரிமையைப் பேசியது யார்? வடக்கு. விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. 1859-இல் வாஷிங்டனிலுள்ள நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. தென் கரோலினா நாட்டிலிருந்து பிரிந்தபோது வெளியிட்ட அறிக்கையில், வட மாநிலங்கள் இப்படி ஒத்துழைக்க மறுத்ததே பெரிய புகார். பிரிந்து போனவர்கள் எழுதிய புது அரசியல் சட்டமோ, அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் சட்டம் எதுவும் இயற்றக் கூடாது என்றது. அடிமையோடு எந்த மாநிலத்துக்கும் போய்த் தங்க உரிமை கொடுத்தது. தன் எல்லைக்குள் அடிமைமுறை வேண்டாம் என்று ஒரு மாநிலம் நினைத்தால் அதன் உரிமை எங்கே போயிற்று? அதனால்தான் சொல்கிறேன், அடிமைமுறை என்றே சொல்.

1850-ஐயும் 1854-ஐயும் குழப்பிக்கொள்ளாதே, உனக்கு வருடங்கள் எப்போதும் இடறும். 1854-இல் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் அந்த 1820 எல்லைக்கோட்டையே அழித்துவிட்டது. குடியேறுபவர்கள் வாக்களித்து முடிவு செய்துகொள்ளட்டும் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1855 மார்ச்சில் கான்சஸில் வாக்குரிமை உள்ளவர்கள் 3,000 பேர்கூட இல்லை, விழுந்த வாக்குகள் 6,000-க்கு மேல். மிசூரியிலிருந்து துப்பாக்கியோடு எல்லை தாண்டி வந்து போட்டவை. பிறகு இரண்டு சட்டமன்றங்கள், ஊர் எரிப்பு, கொலைகள். அப்போதைய இரு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி சிதறி, குடியரசுக் கட்சி பிறந்ததும் இந்தச் சட்டத்தால்தான். 1857-இல், ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுத் தொடுத்த வழக்கில், இன்னும் மாநிலமாகாத எந்தப் பிரதேசத்திலும் அடிமைமுறையைத் தடுக்க அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அதிகாரமில்லை, கறுப்பர்கள் அந்நாட்டுக் குடிமக்களே ஆக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சமரசத்துக்கு இருந்த இடமும் போயிற்று.

அந்தக் குடியரசுக் கட்சியின் லிங்கன் 1860 ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தபோது, இருக்கும் இடத்தில் அடிமைமுறையைத் தொடமாட்டேன், பரவ விடமாட்டேன் என்றுதான் சொன்னார். அதுவே தெற்குக்குப் பொறுக்கவில்லை. அவர் பதவியேற்கும் முன்பே ஏழு மாநிலங்கள் போய்விட்டன. 1861 ஏப்ரல் 12-இல் சம்டர் கோட்டையில் குண்டு விழுந்தது, போர் தொடங்கியது.

அதிகாரி முன்னால் இவ்வளவும் சொல்ல வேண்டாம். ஒரு வார்த்தை போதும், எது என்று தெரியும்.

உறுதிமொழி வாசகத்தையும் படித்தேன். முன்பு எந்த நாட்டின் குடியாக இருந்தோமோ அந்த விசுவாசத்தை முழுக்கத் துறப்பதாக முதல் வரியிலேயே வருகிறது. எல்லோரும் சொல்வதுதானே, நீ மட்டும் தனியாகச் சொல்லப் போவதில்லை. அது முடிந்தவுடன் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அதற்குரிய சான்றிதழை வாங்கிவிடு, அது இல்லாமல், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க முடியாது. தள்ளிப்போடாதே. ஓசிஐ உள்ளவர்கள் விவசாய நிலம் விலைக்கு வாங்கக் கூடாதாம். பரம்பரையாக வருவதற்குத் தடையில்லை. தோட்டத்தைப் பற்றி அப்பா இதுவரை வாயே திறக்கவில்லை. இதை அவருக்கு நான் சொல்ல மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீயே சொல்.

அம்மா