தோடியும் ஆவணி முகூர்த்தமும்

அன்பு மகள் கனகாவுக்கு அப்பா ஆசீர்வாதம்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். குத்தாலத்து அத்தைக்குக் கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இப்போது பஞ்சாங்கத்தைக் கண்ணாடி போடாமல் படிக்கிறாள். கொல்லைச் சுவர் அப்படியேதான் கிடக்கிறது. மற்றதெல்லாம் நேரில்.

தவில்கார மாமா கோயிலுக்கு வந்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார், ஆவணி முகூர்த்தம் இரண்டுக்கும் நீ அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய் என்று. சபாவில் நீ நாயனத்தில் வாசித்த தோடி ராகத்துக்கு அவ்வளவு கைதட்டலாம். மேடையை விட்டு இறங்கின நீ பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, "மத்யமம் நிக்கவே இல்ல மாமா" என்று அந்த ம சுரத்தைச் சொல்லி ஊபர் வண்டியில் வீடு வரைக்கும் அதே பேச்சாம். பதிவு செய்ததை மாமா போனில் போட்டுக் காட்டினார். என் காதுக்கு ஒன்றும் படவில்லை. மாமா காதுக்கும் படவில்லை. உனக்குப் பட்டிருக்கிறது. பட்டால் பட்டதுதான், இல்லையென்று நான் வாதாட மாட்டேன்.

ஆனால் பாப்பா, வாங்கின முகூர்த்தப் பணத்தைத் திருப்புகிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது. கல்யாண வீட்டுக்காரன் உன் மத்யமத்தை நம்பியா கூப்பிட்டான்? தாலி ஏறுகிற நேரத்துக்குக் கெட்டிமேளம் கேட்டால் அவனுக்குப் போதும். அவனுக்குப் போதுமானது உனக்குப் போதவில்லை என்றால் அதற்கு அவன் என்ன செய்வான்?

சின்னப் பிள்ளையிலேயே நீ இப்படித்தான். திண்ணையில் நான் நாயனம் எடுத்துச் சாதகம் பண்ணும்போது பாவாடையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்று, "அப்பா, அது எறங்கியிருக்கு" என்பாய். அம்மா உள்ளே இருந்து சிரிப்பாள். சரியாகத்தான் சொல்லியிருப்பாய். ஊரில் யாரிடம் இதைச் சொல்லாமல் இருந்தேன்? இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

திருவாவடுதுறையாரை நினைத்துப் பார்க்கிறேன். ராஜரத்தினம் பிள்ளை தோடி என்றால் ஜனம் மெய்ம்மறந்து உட்கார்ந்திருந்த காலம் அது. 1947 ஆகஸ்ட் 14 ராத்திரி டெல்லியில் வாசித்த நாயனம் அவருடையது. அதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? ஆனால் அன்றைக்கு இருந்த குட்டையான திமிரி நாயனத்தில் சுத்த மத்யமம் சரியாக உட்காரவில்லை என்று அவருக்கு ஓர் உறுத்தல். காற்றையும் உதட்டையும் வைத்து எல்லாரும் சமாளித்துக்கொண்டிருந்த விஷயம்தான். நன்றாகச் சமாளித்தால் கேட்கிறவனுக்குத் தெரியாது. ஊதுகிறவனுக்குத் தெரியும். பக்கத்து நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரிதான் அதற்கு வழி கண்டார். ஆச்சா மரத்தில் உலவு என்கிற குழலை நீளமாகக் கடைந்து, துளைகளின் இடத்தை மாற்றி, சுருதி இறங்கின பாரி நாயனம் வந்தது. இன்றைக்கு உன் கையில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான். 2022இல் நரசிங்கம்பேட்டை நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கொடுத்தபோது நீ அங்கிருந்து போன் பண்ணிக் கத்தினாயே, ஞாபகம் இருக்கிறதா?

புகழுக்காகப் பாடுபடுகிறார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. பிள்ளைவாளுக்குப் புகழ் அதற்கு முன்பே வந்தாயிற்று. ஆசாரிக்கோ, கச்சேரி நோட்டீஸில் நாயனம் செய்தவர் பெயரை யார் போடுகிறார்கள்? இடித்த பழைய வீட்டுத் தூணிலிருந்தும் உத்திரத்திலிருந்தும் எடுக்கிற மரம், துளை ஒரு நூல் பிசகினால் விறகு. வாங்குகிறவனுக்குத் தெரியப்போவதில்லை என்று அவர் விற்றிருக்கலாமே. பணத்தாலும் இதை விளக்க முடியவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். கை ஏற ஏறக் காதும் ஏறுகிறது. கை ஒரு படி ஏறினால் காது இரண்டு படி ஏறிவிடுகிறது. சில பேருக்கு அந்த இடைவெளி கடைசிவரை மூடுவதே இல்லை. என் மாதிரி ஆளுக்கு ஒரு வயசில் காதும் கையும் சமாதானமாகிவிடும். அதனால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, கோயில் சாயரட்சைப் பூஜைக்கு நேரத்துக்குப் போய் நிற்கிறேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. சாமி புறப்படும்போது வருஷா வருஷம் மல்லாரி தவறாமல் கேட்க வேண்டுமென்றால் என் மாதிரி ஆளும் வேண்டும். உனக்கு அந்தச் சமாதானம் வராது. அம்மா வழி.

வராது என்று தெரிந்துதான் பயமாக இருக்கிறது. பிள்ளைவாள் 1956இல் போனபோது 58 வயசு. அவருடைய சிஷ்யர் காருகுறிச்சியார், சினிமாவில் ஜானகியம்மா குரலோடு குழைந்து வாசித்தாரே, அவர் 1921இல் பிறந்து 1964இல் போய்விட்டார். அதைப் பற்றி நான் வேறொன்றும் சொல்லவில்லை. வயசை மட்டும் சொல்கிறேன். வெறும் வயிற்றில் நாயனம் எடுக்காதே. காலையில் ஒரு டம்ளர் கஞ்சியாவது குடித்துவிட்டு எடு.

 

இன்னொன்று. அந்த சபாவில் ஏசி என்று மாமா சொன்னார். ஏசியில், வாயில் வைத்து ஊதுகிற சீவாளி காய்ந்து இறுகினால் சுரம் எங்கே நிற்கும்? பிசகினது நீயாக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? சீவாளியைப் பார்த்தாயா, பார்க்காமலே உன்னைத் திட்டிக்கொண்டாயா? உனக்கு முதலில் பின்னதுதான் வரும்.

சாதகம் பண்ணு, வேண்டாம் என்று சொல்ல நான் யார். ராத்திரி பத்து மணிக்கு மேல் வேண்டாம், மாடிவீட்டுக்காரர்களும் மனுஷர்கள்தானே. சாப்பிட்டுவிட்டுப் பண்ணு. வெறும் வயிற்றில் ஊதாதே என்று மேலே எழுதிவிட்டேனோ?

ஆவணியை விட்டாய், சரி. கார்த்திகையில் நம் கோயிலுக்கு உன் பெயர் போட்டு நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டது. தோடி வேண்டாமென்றால் கல்யாணி வாசி, யாரும் கேட்கப் போவதில்லை. தோடிதான் என்றாலும் சரி.

மாமா வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். நல்ல கொறுக்கைத் தட்டையில் கட்டின பழைய சீவாளிகள் ஒரு டப்பாவில் கொடுத்தனுப்புகிறேன், அத்தை இட்லிப்பொடியும் தருகிறாள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எது பேசுகிறது என்று போன் பண்ணு. எனக்கு வேண்டாம், மாமாவுக்குப் பண்ணினாலும் போதும்.

அப்பா