வீட்டு விண்ணப்பப் பாரம் போட்டவர்களுக்குக் கடையிலிருந்து ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் பெஸ்தாரி ஜெயா கடைக்கு (பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் இன்னும் நாக்கில் வருகிறது) போட்டோஸ்டேட் எடுக்க வருபவர்களில் பாதிப் பேருக்கு ஒரே கேள்வி: "ரூமா சிலாங்கூர்கூ (சிலாங்கூர் மாநில அரசின் மலிவு வீட்டுத் திட்டம்) பாரம் போட்டு வருஷக் கணக்காச்சு, ஏன் இன்னும் கூப்பிடல?" போன வாரம் ஓர் அக்கா ஐசியையும் (அடையாள அட்டை) சம்பளச் சீட்டையும் ரொட்டிப் பைக்குள் சுற்றிக்கொண்டு வந்து, பாரம் தொலைந்துபோச்சா என்று கேட்டார்.

தொலைந்திருக்காது அக்கா. கேட்கிற ஆள் அதிகம், கட்டி முடித்த வீடு குறைவு. அதுதான் சங்கதி.

வீடு ஏன் குறைவு என்று சொல்கிறேன். வீடமைப்பு மத்திய அரசும் மாநிலமும் பங்குபோட்டுக்கொள்ளும் விஷயம். நிலம் அப்படி இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 9-ஆவது அட்டவணைப்படி அது மாநிலத்தின் பிடியில் இருக்கிறது. புத்ராஜெயாவில் இருக்கும் மத்திய அரசு எத்தனை வீடு அறிவித்தாலும் மண்ணுக்கு மாநிலத்திடம்தான் போக வேண்டும்.

நம்மைச் சுற்றி எங்கு பார்த்தாலும் எண்ணெய்ப்பனை. அந்த நிலத்தின் கிராண்டில் (நிலப் பட்டா) 'பெர்தானியான்', அதாவது விவசாயம், என்று இருக்கும். வீடு கட்ட, தேசிய நிலச் சட்டம் 124-ஆவது பிரிவின்படி அதை 'பங்குனான்' (கட்டடம்) ஆக்க வேண்டும். அதற்குக் கட்ட வேண்டிய பிரீமியத் தொகையை மாநிலமே முடிவு செய்கிறது. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள தோட்டத்தை விற்கவோ துண்டுபோடவோ தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேறு வேண்டும். தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில் லயத்தில் குடியிருந்த தோட்டத் தொழிலாளர் சனம் தெருவுக்கு வந்ததை மறந்தவர்கள்தான் அந்த விதியைக் குறை சொல்வார்கள். அப்புறம் நகராண்மைக் கழகத்தின் திட்ட அனுமதி, 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி.

மாநிலம் நினைத்தால் இதில் எவ்வளவோ சுருக்கலாம். நிலத்தின் வகையை மாற்றுவதையும் மனை பிரிப்பதையும் ஒரே விண்ணப்பத்தில் முடிக்க 124ஏ பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. என்னைக் கேட்டால் மலிவு வீட்டுக்கான பிரீமியத்தை முதலில் குறைக்க வேண்டும். '30 விழுக்காடு மலிவு வீடு கட்டு' என்று மேம்பாட்டாளரை நெருக்குவது 1980-களிலிருந்தே நடக்கிறது. அந்தச் செலவை அதே திட்டத்தின் மற்ற வீடுகளின் விலையில் ஏற்றிவிடுவார்கள், வேறென்ன செய்வார்கள்?

சரி, நம் கடை விஷயத்துக்கு வருகிறேன். பாரம் நிரப்ப 5 வெள்ளிதான் (ரிங்கிட்). வரிசையில் முன்னே தள்ளிவிட எங்களால் முடியாது. முடியும் என்கிற ஏஜெண்டை நம்பாதீர்கள். நம் வாடிக்கையாளர் ஒருவர் அப்படி 800 வெள்ளி கொடுத்தார். ரசீதும் இல்லை, ஆளும் இல்லை.

கல்யாணம், சம்பளம், முகவரி எது மாறியிருந்தாலும் பழைய விண்ணப்ப எண்ணோடு வாருங்கள், திருத்தித் தருகிறோம். சனிக்கிழமை மதியம் 1 மணிவரை கடை உண்டு.

இப்படிக்கு,
கடைக்காரர்