பக்கத்து வீட்டு அத்தைக்கு

அத்தை,

குழந்தைகள் இல்லத்துக்கு ஏன் போவதில்லை என்று போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு நேரமில்லை என்று சொன்னேன். பொய். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அறையில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லத்துக்குப் போவதை நான் நிறுத்தியதற்கும் நேரத்துக்கும் சம்பந்தமில்லை. நீங்களும் நம்பவில்லை. "சரி, உடம்பைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிப் போனை வைத்த விதத்திலேயே தெரிந்தது.

வீட்டில் பேச வேண்டியதை ஊர் பார்க்க எழுதுவானேன் என்று மாமா கேட்பார். கல்லூரியில் மூன்று வருடம் நான் சொன்ன கதையை நம்பியவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் சொன்னதை அவர்கள் முன்னால்தான் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும். அதற்காக எல்லாவற்றையும் கொட்டப் போவதில்லை. எனக்குப் பிறகு உங்களிடம் வந்த சின்னவனைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டேன். என்னைப் பெற்றவளைப் பற்றியும் எழுத மாட்டேன். அவளிடமும் போன் இருக்கிறது.

2024 மார்ச்சில் நடந்த அந்த விழாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

நான் உங்களை அழைக்கவில்லை. சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன், அவ்வளவுதான். நீங்கள் அந்தக் கஞ்சி போட்ட சேலையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதை மேடையிலிருந்து பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை நீங்கள் நம்ப வேண்டும். இரண்டாவதாக வந்ததுதான் பயம்.

விழா முடிந்து படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தோம். என் துப்பட்டாவில் குத்தியிருந்த நாட்டு நலப்பணித் திட்டத்தின் பேட்ஜ், கோனார்க் சக்கரம் போட்டது, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நீங்கள் ஏறி வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், அதை நிமிர்த்துவதற்காகக் கையை நீட்டினீர்கள். "அம்மாவா?" என்று ஒருத்தி கேட்டாள். "இல்லை, பக்கத்து வீட்டு அத்தை" என்றேன். உங்கள் கை பேட்ஜுக்கு நான்கு விரற்கடை முன்னால் நின்றது. பிறகு கீழே இறங்கி, சரியாகவே இருந்த உங்கள் கைப்பையின் வாரை இழுத்துச் சரிசெய்தது. "ஆமாம்மா, சுவருக்கு அந்தப் பக்கம் இவள், இந்தப் பக்கம் நாங்கள். சின்னதிலிருந்து பார்க்கிறேன்" என்றீர்கள், சிரித்துக்கொண்டே. இல்லாத ஒரு சுவரை எழுப்ப உங்களுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் குறிக்கோள் வாசகம் "நான் அல்ல, நீ" என்பது. முகாமில் ஏழு நாளும் காலையில் அதைச் சொல்ல வைத்தார்கள். அன்று படிக்கட்டில் நான் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

ஏன் சொன்னேன்? முதல் வாரத்தில் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். என் முறை வருவதற்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வளர்ப்புப் பராமரிப்பு, அதாவது பெற்றவர்களிடம் இருக்க முடியாத குழந்தையை வேறொரு குடும்பத்தில் வளர விடும் ஏற்பாடு, என்று சொன்னால் தத்தா என்று கேட்பார்கள். இல்லை. சொந்தக்காரர்களா? இல்லை. அப்புறம்? அந்த "அப்புறம்" என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால், குழந்தையை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையிலிருந்து தொடங்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், அதில் வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றிய 44ஆம் பிரிவு, மாதாமாதம் வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்கள் என்று போய்க் கடைசியில் என்னை வளர்க்க அரசு தரும் பணத்தில் வந்து நிற்கும். முதலில் மாதம் 2,000 ரூபாய், 2022இல் மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டம் வந்த பிறகு 4,000. அந்தத் தொகையைக் கேட்டதும் ஒரு முகம் உங்களை எடைபோடும். அதை நான் பார்க்க விரும்பவில்லை. "அப்பாவுக்கு வெளியூரில் வேலை, அம்மா வீட்டில்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு விநாடி ஆகியிருக்கும்.

உங்களைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மை என்னவென்றால், "ஐயோ பாவம்" என்று ஒருவர் தலையைச் சாய்க்கும் அந்தச் சாய்வுக்குப் பயந்தேன்.

இரண்டாம் வருடம் ஒரு வகுப்பில் புக்கரெஸ்ட் ஆய்வைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். ருமேனியாவில் இல்லங்களில் இருந்த 136 சின்னஞ்சிறு குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மீதிப் பேர் பழைய ஏற்பாட்டிலேயே தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவும் பேச்சும் நன்றாக வளர்ந்தன, அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் மேல். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நானும் எடுத்தேன், பதினொரு வயதில் உங்களிடம் வந்தவள். பக்கத்தில் இருந்தவள் என் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டாள். என் வாழ்க்கையை என்னிடமே காப்பியடிக்கிறாளே என்று சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேவைக்கு எங்கே போகலாம் என்று கேட்டபோது குழந்தைகள் இல்லம் என்று கையைத் தூக்கியவள் நான்தான். அதை நீங்கள் பெருமையாக அக்கம்பக்கத்தில் சொன்னீர்கள், வந்த வழியை மறக்காத பெண் என்று. அப்படி இல்லை அத்தை. கொடுக்கிற வரிசையில் போய் நின்றால் வாங்கிய வரிசை அழிந்துவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240. கணக்கு முடிந்த பிறகும் ஒரு தன்னார்வக் குழுவோடு சேர்ந்து ஞாயிறுதோறும் போனேன். பாடம் சொல்லிக்கொடுப்போம், விளையாடுவோம், படம் எடுப்போம்.

அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறீர்கள். குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது அல்லவா, அதனால் ஒவ்வொரு குழந்தையின் முகத்திலும் ஒரு மஞ்சள் சிரிப்பு உருண்டையை ஒட்டிவிடுவோம். நடுவில் எங்கள் முகங்கள் பளிச்சென்று தெரியும். முப்பது மஞ்சள் உருண்டைகள், ஆறு மனிதர்கள். ஒட்டுவது என் வேலை. என் காலத்தில் உருண்டைகூடக் கிடையாது. யாரோ கொடுத்த போர்வையைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற படம், நன்கொடையாளர்களுக்கான ஒரு நாட்காட்டியில் ஜூலை மாதமாக வந்தது. அதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை.

அங்கே ஒரு பெண் இருந்தாள். வயதும் வகுப்பும் வேண்டாம். முதல் வருடத்திலேயே என்னிடம், "அக்கா, இன்றைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதுவீர்கள்?" என்று கேட்டாள். நாங்கள் கையெழுத்துப் போடும் பதிவேட்டை அவள் பார்த்துவைத்திருந்தாள். மூன்று என்றேன். "வந்தது இரண்டேகால்தானே" என்றாள். கோபமில்லை, சும்மா சரிபார்த்தாள். அன்றிலிருந்து அவளிடம் எனக்குக் கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் நடுக்கம்.

இரண்டு மாதம் முன்பு அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு குடும்பத்துக்கு அனுப்பப் பேச்சு நடப்பதாகச் சொன்னாள். நோட்டின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டே, "வீட்டுக்குப் போனால் எப்படி அக்கா இருக்கும்?" என்று கேட்டாள். அந்தக் கூடத்தில் அதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். குழுவில் இரண்டு பேர் பக்கத்திலேயே வண்ணப் பென்சில்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான், "எனக்கு எப்படித் தெரியும்? நல்லாத்தான் இருக்கும், போ" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மூன்று மணி நேரம் என்று நான் சொன்னபோது பார்த்த அதே பார்வை.

என்ன சொல்லியிருக்கலாம் என்று அதற்குப் பிறகு தினமும் யோசிக்கிறேன். மணி அடிக்காது என்று சொல்லியிருக்கலாம். எழ மணி இல்லை, படிக்க மணி இல்லை, படுக்க மணி இல்லை. அதுதான் முதலில் பயமாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க அனுமதி கேட்பாய், கேட்காதே என்பார்கள், மறுநாளும் கேட்பாய். உன் சீப்பு உன்னுடையது மட்டுமே என்பதை நம்ப ஒரு மாதம் ஆகும். மூன்று இரவு தூங்காமல் கிடப்பாய். நான்காவது இரவு அந்த அம்மாள் எப்படியோ கண்டுபிடித்து, ஒன்பது மணிக்கு வாசலில் நின்று ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் மூன்று முறை தட்டுவார். நீ தூங்கிவிடுவாய். பதினொரு நாள் தட்டுவார். பன்னிரண்டாம் நாள் மறந்துவிடுவார், நீயும் அதைக் கவனித்திருக்க மாட்டாய்.

மறந்தீர்களா, வேண்டுமென்றே விட்டீர்களா? இன்றுவரை கேட்டதில்லை.

அந்தப் பெண் போய்விட்டாள். எந்த வீடு என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அடுத்த ஞாயிறு போனேன். அவள் இடத்தில் வேறொரு குழந்தை உட்கார்ந்து அதே நோட்டு மாதிரி ஒரு நோட்டை வைத்துக்கொண்டிருந்தது. வெளியே வந்து குழுவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு பஸ் ஏறினேன். நீங்கள் போனில் கேட்டதற்கு இதுதான் பதில்.

இப்போது உங்கள் மேல் எனக்கு இருக்கிற வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். படிக்கட்டில் நான் அப்படிச் சொன்ன பிறகு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் சேர்ந்து வந்தோம். நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார் என்றீர்கள், காற்று வருகிறதா என்றீர்கள். நீங்கள் பெற்ற அக்கா மட்டும் உங்களைப் பார்த்து யாரோ என்று சொல்லியிருந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே ஓர் அறை விட்டிருப்பீர்கள், பிறகு ஒரு வாரம் பேசியிருக்க மாட்டீர்கள். அவளுக்கு விழுந்த எத்தனையோ திட்டுகளை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன். எனக்கு ஒன்றுகூட விழவில்லை. ஏழு வருடம் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்திருந்தீர்கள். மாதாமாதம் வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பயந்தா, நான் உடைந்துவிடுவேன் என்று பயந்தா? எதுவாக இருந்தாலும், விருந்தாளியைத்தான் யாரும் திட்டுவதில்லை.

பதினெட்டு வயது முடிந்ததும் என் கோப்பு மூடப்பட்டது. இல்லத்தை விட்டு வெளியேறுகிறவர்களின் பின்பராமரிப்பைப் பற்றி அந்தச் சட்டத்தின் 46ஆம் பிரிவு பேசுகிறது. ஒரு வீட்டில் இருந்துகொண்டே பதினெட்டைத் தாண்டுகிறவளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. "கோப்புதானே மூடினார்கள், உன் அலமாரி அப்படியே இருக்கும்" என்றீர்கள். ஆறு மாதம் கழித்து விடுமுறைக்கு வந்தேன். அலமாரியின் இரண்டாவது தட்டில் சின்னவனின் கால்சட்டைகள். என் நோட்டுகள் பரண் மேல் ஓர் அட்டைப்பெட்டியில், என் பெயர் எழுதி, கயிறு கட்டி, மிக ஒழுங்காக. நீங்கள் செய்தது சரி. அவனுக்கு ஓர் இடம் வேண்டும், எனக்கு அது ஒரு காலத்தில் கிடைத்தது. சரியாகச் செய்தீர்கள் என்பதால்தான் அன்று வாயைத் திறக்க முடியவில்லை.

2024இல் வளர்ப்புப் பராமரிப்புக்கான வழிகாட்டு நெறிகளை மாற்றினார்கள். இரண்டு வருடம் வளர்த்தவர்கள், சட்டப்படித் தத்துக்கு விடுவிக்கப்பட்ட குழந்தையாக இருந்தால், தத்து எடுக்கலாம். முன்பு அது ஐந்து வருடம். என் விஷயத்தில் விடுவிக்க வேண்டியவள் கையெழுத்துப் போடவில்லை, அது உங்களுக்குத் தெரியும். போட்டிருந்தால் நீங்கள் கேட்டிருப்பீர்களா என்பதை இங்கே கேட்க மாட்டேன்.

படிக்கட்டில் நின்றவர்களில் நான்கு பேராவது இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு: அன்று வந்தவர் பக்கத்து வீடு இல்லை. அந்த வீட்டுச் சுவருக்குள்தான் நான் இருந்தேன்.

வேலையில் சேர்ந்தபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரம் என்றால் யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு கட்டம். யோசிக்காமல் உங்கள் எண்ணை எழுதினேன். பக்கத்தில் உறவு என்று இன்னொரு கட்டம். அத்தை என்று எழுதியதைப் பார்த்து அப்பாவின் தங்கையா என்று அந்தப் பெண் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. "இல்லை, என்னை வளர்த்தவர்" என்றேன். அவள் தலையைச் சாய்க்கவில்லை. அடுத்த பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

வரும் சனிக்கிழமை வருகிறேன். அலமாரியைக் காலி செய்யச் சொல்லிச் சின்னவனை விரட்ட வேண்டாம், பரண் மேல் இருக்கும் பெட்டியை மட்டும் மாமாவிடம் சொல்லி இறக்கி வையுங்கள். படிக்கட்டில் சொன்னதற்கான திட்டு பாக்கி இருக்கிறது. மாமா இருக்கிறார், சின்னவன் பார்க்கிறான் என்றெல்லாம் பார்க்காமல் திட்டுங்கள்.