பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கும் முன்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு வரும் பெற்றோரில் பலர், "எங்களுக்கு என்ன சார் தெரியும், நீங்களே பார்த்து ஒரு குரூப்பில் போட்டுவிடுங்கள்" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் மேல் நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு நன்றி. ஆனால் இந்த முடிவை நீங்களும் பிள்ளையும் பேசித்தான் எடுக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து எந்தப் படிப்புக்கு, எந்த வேலைக்கு விண்ணப்பிக்க முடியும் என்பது இப்போது எடுக்கும் குரூப்பில்தான் இருக்கிறது.

கடலோரக் காவல்படையில் சேர வேண்டும் என்று நம் பையன்களில் பலருக்கு ஆசை. அதில் நாவிக் (மாலுமி) பொதுப் பணிக்கு, பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். வணிகக் கப்பலில் அதிகாரியாகப் போக வேதியியலும் சேர்த்து வேண்டும். "கணக்கு வராது" என்று வேறு குரூப்புக்குப் போய்விட்டு, பிளஸ் டூ முடித்தபின் தவிக்கும் பிள்ளைகளைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு மாணவி மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்ற இரண்டு கடல்பாசிகளை அறிவியல் ஆய்வகத்து மேசையில் பரப்பிவைத்து, கண்ணை மூடித் தொட்டே இது இன்னது என்று சொன்னாள். அம்மாவோடு பாசி எடுக்கப் போய்க் கற்றது அது. அப்படிப்பட்ட பெண் உயிரியல் எடுத்தால், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பட்டப்படிப்புக்கு முயலலாம். 1977 முதல் நடந்துவரும் கல்லூரி, நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று. கடன் வாங்கியாவது பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் சேர்க்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020 முதல் மருத்துவத்திலும், 2021 முதல் பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றிலும் இது இருக்கிறது. நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு மாதம் 1000 ரூபாய் கிடைப்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் இப்போது கரையில் இருக்கிறீர்கள். வருமானம் இல்லாத, மனம் கனக்கும் நாட்கள் என்று தெரியும். ஆனாலும் பிள்ளையோடு உட்கார்ந்து பேச இதைவிட நல்ல நேரம் அமையாது. என்ன படிக்க ஆசை என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் விட்டுவிடாதீர்கள், மறுநாள் மறுபடி கேளுங்கள்.

அப்புறம், தடை முடிந்து படகு இறங்கும்போது ஆள் குறைகிறது என்று மகனை ஏற்றிவிட வேண்டாம். இரவு வல்லத்தில் (சிறு படகில்) வலை இழுத்துவிட்டு வரும் பையன்கள், முதல் மணி அடிக்கும்போதே கண் செருகி மேசையில் சாய்கிறார்கள். விரல் இடுக்கில் வலையின் நைலான் நரம்பு அறுத்த காயம் இருக்கும், பேனாவைப் பிடிக்க முடியாது. கடல் தொழிலை நான் குறைத்துச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை மட்டும் அவனைக் கரையில் விடுங்கள் என்றே கேட்கிறேன்.

சேர்க்கைக்கு அம்மா, அப்பா இருவரும் பிள்ளையோடு வாருங்கள். அப்பா வெளிநாட்டில் இருந்தால் போனில் பேசிக்கொள்ளலாம். வேலை முடித்து மாலையில்தான் வர முடியும் என்றாலும் சரி, முன்னதாகச் சொல்லிவிடுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்