வெயிலுக்குப் பயந்து டயரில் காற்றைக் குறைக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பங்குனி உத்திரம் வந்தால் எங்கள் நெல்லைச் சீமையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை, கோவை, பெங்களூரு என்று எங்கே பிழைக்கப் போயிருந்தாலும் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். முன்பு வேன் பிடித்து வந்தவர்களில் பலர் இப்போது தார், கூர்க்கா, ஸ்கார்ப்பியோ என்று சொந்த வண்டியில் வருகிறார்கள். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுக் கோயில்களுக்குப் போகிறவர்கள் செம்மணலில் வண்டி புதையாமல் இருக்க டயரில் காற்றை இறக்குகிறார்கள். அது சரியான முறைதான், 18 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) அளவுக்கு இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து மணலில் மிதந்து போகும். ஆனால் கோயிலிலிருந்து திரும்பி, அதே டயரோடு நாலுவழிச் சாலையில் ஏறி நூறில் போகிறார்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எனக்கே நடந்தது. போன வருஷம் பொங்கப்பானை, விறகு, அரிசி மூட்டை எல்லாம் மேலே கேரியரில், உள்ளே மதினி, பிள்ளைகள் என்று ஏழு பேர். தேரியில் இறக்கிய காற்றை வழியில் ஒரு பங்க்கில் நிரப்பினேன். காற்றுப் பிடித்த தம்பி, "வெயில் நேரம்லா அண்ணாச்சி, 24 வச்சாப் போதும், கூட வச்சா வெடிச்சிரும்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, என் அப்பா காலத்திலிருந்து எல்லோரும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான், நானும் தலையாட்டினேன். நாங்குநேரியில் சாலை ஏறி மதுரையைப் பார்த்துப் போகும்போது, கயத்தாறைத் தாண்டுவதற்குள் இடது பின் டயர் வெடித்தது. பிரேக்கில் கால் வைக்காமல், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, ஆக்சிலேட்டரை மெல்ல விட்டதால் வண்டி ஓரத்தில் போய் நின்றது. உயரமான வண்டி, மேலே பாரம் வேறு, சட்டென்று பிரேக் அடித்திருந்தால் உருண்டிருக்கும். பிள்ளைகளின் அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன், தெரிந்த டயர்க்காரர்களிடமும் கேட்டேன். வெயிலுக்குக் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது தலைகீழான பேச்சு. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சுடுகிறதல்லவா, டயரின் பக்கச் சுவரும் அப்படித்தான். தரையைத் தொடும்போது மடங்கி, மேலே போகும்போது நிமிர்கிறது. 255/65 ஆர் 18 அளவு டயரின் சுற்றளவு ஏறக்குறைய இரண்டரை மீட்டர். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குப் பதினோரு தடவை சுற்றும், இங்கிருந்து மதுரை போய்ச் சேருவதற்குள் எழுபதாயிரம் தடவைக்கு மேல் மடங்கி நிமிரும். காற்று குறைவாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் அதிகமாக மடங்கும், அதிகமாகச் சுடும். அந்தச் சூட்டில்தான் ரப்பரும் உள்ளே இருக்கும் கம்பி அடுக்கும் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. வெயிலால் உள்ளே காற்று விரிவது உண்மைதான், ஆனால் அது ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. கணக்குத்தான், நல்ல டயர் அதைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது.

சரி, எவ்வளவு வைப்பது? டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் ஓர் அளவு, முழு பாரத்துக்கு ஓர் அளவு என்று பல வண்டிகளில் பிரித்தே போட்டிருப்பார்கள். கோயிலுக்குப் போகிற வண்டிக்கு முழு பார அளவுதான். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து நிரப்பக் கூடாது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். முற்றத்தில் வெயில் விழும் பக்கத்து டயர் ஓரிரு பி.எஸ்.ஐ. கூடக் காட்டும் என்பதால் வெயில் ஏறும் முன் பார்ப்பது நல்லது. ஓடிச் சூடான டயரில் அளவு ஏறியிருக்கிறதே என்று காற்றைத் திறந்துவிடவே கூடாது. தேரியிலிருந்து வந்த சூட்டோடு நிரப்புவதானால் ஸ்டிக்கர் அளவுக்கு மேல் 4 கூட்டி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் சரிபார்க்கலாம்.

கம்பெனி டயரைக் கழற்றிவிட்டுப் கரடுமுரடுப் பாதைக்கான, கட்டை கட்டையாகப் பிடிப்புள்ள பெரிய பட்டன் டயர் மாட்டியவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். 'எல்.டி.' (லைட் டிரக்) என்று குறித்த கனமான டயர், அதே பாரத்தைச் சுமக்க ஸ்டிக்கர் அளவைவிடக் கூடுதல் காற்று கேட்கும். டயர் கம்பெனியின் பார அட்டவணையைப் பார்த்து ஆரம்பிக்கலாம், அப்புறம் கரடுமுரடுப் பாதைக்காரர்கள் கையாளும் ஒரு வழி இருக்கிறது. காலையில் குளிர்ந்த அளவைக் குறித்துக்கொண்டு, நாலுவழிச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தி மறுபடி பாருங்கள். சாதா டயரில் சுமார் 4, எல்.டி. டயரில் சுமார் 6 ஏறியிருந்தால் சரி. அதைவிட நிறைய ஏறியிருந்தால் டயர் அளவுக்கு மீறிச் சுடுகிறது, அதாவது காலையில் வைத்த காற்று போதவில்லை. ஏறியதைப் பார்த்து நாம் குறைப்போம், உண்மையில் கூட்ட வேண்டும்! இதை ஒருவர் எனக்கு விளக்கியபோதுதான் கயத்தாறில் நடந்தது எனக்குப் புரிந்தது.

நைட்ரஜன் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு கொடுத்து அடைப்பதில் தப்பில்லை, ஆனால் அளவு பார்க்கும் வேலையை அது மிச்சப்படுத்தாது.

பங்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டிகளுக்கு இலவசமாகக் காற்றுப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களே வைத்திருக்கும் விதி. நான் நின்று பார்த்த சில இடங்களில் காற்று மெஷினில் 'பழுது' அட்டை தொங்கிக்கொண்டே இருந்தது, ஒரு பங்க்கின் மெஷினுக்கும் என் கை மீட்டருக்கும் 5 பி.எஸ்.ஐ. வித்தியாசம் வந்தது. உத்திரத்துக்கு முந்தின வாரமாவது திசையன்விளை, நாங்குநேரி, வள்ளியூர் பக்கத்து பங்க்குகளில் மெஷினைச் சரிபார்த்து வைத்தால் பெரிய உதவி. காற்றுப் பிடிக்கும் பையன்களிடம், "எவ்வளவு வைக்கணும்?" என்று கேட்பதற்குப் பதிலாகக் கதவு ஸ்டிக்கரைப் பார்த்து வைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

நீங்களும் கோடை வாகனக் குறிப்புகள் வெளியிடும்போது இந்த ஒரு விஷயத்தைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் இப்போது பேட்டரியில் மாட்டும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இந்த உத்திரத்துக்குத் தேரியை விட்டுத் தார் ரோடு ஏறும் இடத்திலேயே நிறுத்தி, பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயருக்கும் காற்றடித்த பிறகுதான் கிளம்புவேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வள்ளியூர்.